ஐ7-2600இலிருந்து ஸியோனுக்கு மாறி இரண்டு வருஷம்: மூதூர்க் கூட்டாளிக்கு ஒரு பதில்

மூதூரில் இருக்கிற கூட்டாளி ஒருவன் போன கிழமை ஒரு படம் அனுப்பினான். பழைய சேர்வர் புரொசசர் ஒன்று, அதோடு அதைப் பொருத்துகிற ஒரு போர்ட், 64 ஜிபி ராம், மூன்றுக்கும் சேர்த்து ஒரு விலை. கீழே ஒரே வரி: "மச்சான், வாங்கவா?" நான் உடனே பதில் போடவில்லை. போட்டிருந்தால் அன்று இருந்த கோபத்தில் ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். அன்று காலைதான் மகளின் அழிறப்பரை வாங்கி ராமின் பொன்னிறப் பற்களைத் தேய்த்துக்கொண்டு இருந்தேன். அது பிறகு.

நான் வீட்டுப் பிளான் கீறுகிறவன். முன்பு பிளானைக் காட்டினால் போதும். இப்போது நிலாவெளியில் இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடுகிறவரும், பின்னேர வெயில் முகப்பில் எப்படி விழும் என்று படமாகக் கேட்கிறார். சுவர், கூரை, யன்னல் எல்லாம் நான் வைத்துவிடுவேன். அந்த வெயிலைக் கணக்குப் போட்டு எடுப்பது புரொசசரின் பாடு.

பன்னிரண்டு வருஷம் அந்தப் பாட்டைப் பட்டது ஐ7-2600 என்கிற புரொசசர். 2012இல் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பொருத்தி, இரவு ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது. கல்லோயாச் சந்தியில் ரயில் நிற்கும்போதுகூட இறங்கித் தேத்தண்ணி குடிக்கவில்லை, அவ்வளவு பயம். 4 கோர், அதாவது கணக்குப் போடுகிற நாலு தலை, 8 திரெட், அதாவது ஒரே நேரத்தில் எட்டு வேலை, 3.4 கிகாஹேர்ட்ஸ், அவசரம் என்றால் 3.8 வரை ஏறும். வீட்டில் இப்போது அதற்குக் கிழவன் என்று பெயர்.

2024 பொங்கல் கழிய வாங்கியது ஸியோன் ஈ5-2680 வி4, சேர்வர் புரொசசர். 14 கோர், 28 திரெட், 2.4இல் தொடங்கி 3.3 வரை. புதியது என்று சொன்னால் சிரிப்பு வரும்: கிழவன் 2011இல் வெளிவந்தது, இது 2016இல். ஆனால் வந்த காலத்தில் கிழவனின் பட்டியல் விலை 294 டொலர், இதன் விலை 1,745 டொலர். எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இரவு பகலாக ஓடி, கழற்றப்பட்டு, நாலு கை மாறி என் மேசைக்கு வந்தபோது, நான் கிழவனுக்குக் கொடுத்த காசில் கால்வாசிகூட இல்லை. மாப்பிள்ளை பெரிய இடம், சீதனம் வேண்டாம் என்கிறார் என்றால் யார்தான் விசாரிப்பார்கள்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது.

வெயிலைக் கணக்குப் போட்டுப் படம் எடுக்க, நான் இன்னும் பிளெண்டர் என்கிற மென்பொருளின் பழைய பதிப்பைத்தான் பாவிக்கிறேன். அதில் படம் சின்னச் சின்னக் கட்டமாக நிரம்பி வரும். ஒரு திரெட்டுக்கு ஒரு கட்டம். கிழவனில் எட்டுக் கட்டம் எரியும், எட்டும் நின்று நிதானமாக, மேஸ்திரி இல்லாத இடத்தில் ஓடு பதிக்கிற மாதிரி. ஒரு படத்துக்கு ஐந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும். இரவு போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் எழும்பிப் பார்த்து, அடடா, குசினி யன்னலில் கண்ணாடி போட மறந்துவிட்டேனே என்று மறுபடி அடுத்த இரவுக்குக் காத்திருக்க வேண்டும்.

ஸியோனில் முதல் நாள் அதே படத்தைப் போட்டேன். இருபத்தெட்டுக் கட்டம் ஒரே நேரத்தில் எரிந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னப்பா, டீவி பார்க்கிற மாதிரிப் பார்க்கிறீங்கள்" என்று மனைவி கேட்டார். ஒரு மணித்தியாலமும் முப்பத்தைந்து நிமிடமும்! யன்னல் கண்ணாடியை மறந்தால் அன்றைக்கே இன்னொரு தடவை போடலாம். நாலு திரெட்டை எனக்கென்று ஒதுக்கிவிட்டு மற்ற 24ஐ அதனிடம் கொடுத்தால், பின்னால் ஒரு வீடு வெந்துகொண்டிருக்க, முன்னால் இன்னொரு வீட்டைக் கீறலாம். கிழவனில் இது நடக்கவே நடக்காது. மவுஸ்கூட ஓடாது.

ஆனால் ஒரு பிளானைத் திறக்கவும், ஒரு சுவரை இழுத்து நகர்த்தவும் கிழவனுக்கும் ஸியோனுக்கும் ஒரே நேரம்தான். பிளான் கீறுகிற மென்பொருள்கள் பெரும்பாலும் ஒரு கோரை மட்டும்தான் நம்பி இருக்கின்றன. ஸியோனின் ஒற்றைக் கோர் ஒரு துடிப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக வேலை செய்யும், கிழவன் கொஞ்சம் வேகமாகத் துடிப்பான், கடைசியில் கணக்குச் சரி. மற்றப் பதின்மூன்று கோரும் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும். என் நாளில் முக்கால்வாசி இந்த வேலைதான். இதை வாங்க முதல் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சரி, இப்போது ஸியோன் தொடங்கும்போது வருகிற கறுப்புத் திரைக்கு வருவோம்.

கிழவனின் சுவிட்சை அமத்தினால் பன்னிரண்டு செக்கனில் விண்டோஸ் தலை காட்டும். ஸியோனில் அமத்தினால் முதலில் ஃபேன் எல்லாம் ஒரே மூச்சில் சீறும், தேங்காய் மெஷினில் கொப்பராவைப் போட்ட மாதிரி. பிறகு அமைதி. மொனிட்டரில் சிக்னல் இல்லை என்று ஒரு பெட்டி மிதக்கும், சலித்துப்போய் அதுவும் அணைந்துவிடும். கீபோர்ட் வெளிச்சம் ஒரு தடவை வந்து போகும். போர்டின் மூலையில் சிவப்பாக இரண்டு எழுத்து மாறி மாறி ஓடும், அதைப் பார்ப்பதற்காகவே பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன். எழுபது, எழுபத்தைந்து செக்கன். சில நாள் பாதியில் தானே அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும், அப்போது இரண்டரை நிமிடம்.

ஒருநாளைக்கு ஒரு தடவை என்றால் இதைப் பற்றி எழுதியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் கரண்ட் கண் சிமிட்டும். போகாது, சும்மா சிமிட்டும். காற்றுக் காலத்தில் ஒரு பின்னேரத்தில் மூன்று தடவைகூட. யூ.பி.எஸ். இருக்கிறது, 650 விஏ, கிழவனுக்கென்று வாங்கியது. கிழவனை அது பத்து நிமிடம் தாங்கும். ஸியோன் 28 கட்டத்தையும் எரிக்கும்போது மூன்று நிமிடம்தான், அதுவும் முழு நேரமும் கத்திக்கொண்டு. 2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க ஒரேயடியாகக் கரண்ட் நின்ற ஞாயிறு, பாணந்துறையில் ஒரு குரங்குதான் காரணம் என்று அமைச்சர் சொன்னாரே, அன்றைக்கு என் படத்தில் இருபது கட்டம்தான் பாக்கி. குரங்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 2022இல் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டிய காலத்திலும் கிழவன் கரண்ட் வந்த உடனே எழும்பி நின்றவன். அது நினைவு வந்ததுதான் கோபம்.

லண்டனில் இருந்து வந்த ஐயா ஒருவர் உப்புவெளியில் வீடு கட்டுகிறார். படத்தை அனுப்புகிறேன் என்றாலும் கேட்காமல் நேரில் பார்க்க வந்துவிட்டார். திரையில் அவருடைய வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டு போகிறேன், விறாந்தைக்கு வந்தோம், கரண்ட் சிமிட்டியது. அந்த நேரம் பார்த்து யூ.பி.எஸ். பட்டரி பழுதாகி இருந்தது. சுவிட்சை அமத்தினேன். சீறியது. அமைதி. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காலநிலை பற்றிக் கதைத்தேன். கீபோர்ட் வெளிச்சம் வந்து போனது. அவர் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்: "தம்பி, இது செத்துப் போச்சோ?" இல்லை ஐயா, ராமை அளந்துகொண்டு இருக்கிறது என்றேன். பொய் இல்லை. நாலு வழியிலும் எந்த நேரத்துக்கு எந்தச் சிக்னல் போனால் சரியாகச் சேரும் என்று அது ஒவ்வொரு தடவையும் அளந்து பார்க்கிறது. ஒரு தடவை அளந்ததை நினைவில் வைத்துக்கொள்கிற போர்ட்களும் உண்டு. என்னுடையதிலும் அந்தத் தெரிவு இருக்கிறது, அதைப் போட்டால் மூன்றாம் நாள் விண்டோஸ் விழுந்து நீலத் திரை.

புரொசசரைக் குறை சொல்ல முடியாது, நியாயம் நியாயம்தான். குற்றம் பாதி போர்டுடையது. பெயர் தெரியாத ஒரு மலிவுப் போர்ட், நானே தெரிந்துதான் வாங்கினேன். மீதிப் பாதிக்கு இது வளர்ந்த இடம் காரணம். அங்கே கரண்ட் போகாது. ஒரு தடவை போட்டால் மாதக்கணக்கில் அணைக்க மாட்டார்கள். தொடங்க இரண்டு நிமிடமா, பத்து நிமிடமா என்று அங்கே யாருக்குக் கவலை? அணைக்காமல் தூக்கத்தில் போடலாமே என்று கேட்காதீர்கள். தூங்கும். எழும்பாது.

இன்னொன்று, ஸியோனுக்குள் கிராபிக்ஸ் இல்லை. படம் காட்டுவதற்கென்றே ஒரு சின்னக் கார்ட் செருக வேண்டும். கார்டில் ஏதும் கோளாறு என்றால் பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக்கூட வழி இல்லை. கிழவனுக்குள்ளேயே அது இருக்கிறது, சுமாரானது, ஆனால் இருக்கிறது.

அழிறப்பர் கதை இதுதான். நான் இருப்பது திருகோணமலையில் உவர்மலை. பெயரிலேயே உவர் இருக்கிறது, இரண்டு பக்கமும் கடல். யன்னல் கம்பி, பூட்டு, சைக்கிள் செயின் எதையும் விடாத காற்று ராமின் பற்களை மட்டும் விடுமா? போன கிழமை 64 ஜிபி 48 ஆகிவிட்டது. கறுப்புத் திரை நாலு தடவை. நாலு துண்டையும் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பொன்னிறத்தில் மெல்லிய மங்கல், ஒரு துண்டில் மட்டும் பழுப்புப் புள்ளி. அழிறப்பரால் ஒரே பக்கமாக மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதி, பழைய பல்துலக்கும் பிரஷால் செருகுமிடத்தைத் தட்டி, மறுபடி பூட்டினேன். எழுபத்தைந்து செக்கன். 64. மகள் தன் அழிறப்பர் கறுத்துவிட்டது என்று புதிது கேட்டாள், அதுவும் இந்தப் பெட்டியின் செலவில் சேர்த்தி.

கிழவனிலும் உப்புப் பிடிக்காமல் இல்லை. ஆனால் அதில் இரண்டே இரண்டு துண்டு, வருஷத்துக்கு ஒரு துடைப்பு. அதோடு இது சேர்வர் ராம். மலிவுதான், ஆனால் கிழவனில் போட முடியாது, டவுனில் கடையில் கேட்டாலும் இல்லை. ஒரு துண்டு செத்தால் கொழும்புக்குச் சொல்லி, அங்கிருந்து பார்சலில் வர வேண்டும்.

கரண்ட் பில்லைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், அதனால் சுவரில் அளக்கிற மீற்றர் ஒன்று வாங்கி அளந்தேன். சும்மா நிற்கும்போது கிழவன் 45 வாட், ஸியோன் 80. முழு வேகத்தில் கிழவன் 130, ஸியோன் 210. ஸியோன் தின்னி என்று முடிவு கட்ட இருந்தேன், பிறகு படத்துக்கு எவ்வளவு என்று பெருக்கிப் பார்த்தால், ஐந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும் ஓடும் கிழவன் 0.67 யூனிட், கெதியாக முடித்துவிடுகிற ஸியோன் 0.33. சரி பாதி! இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் மாதத்தில் நான் எடுப்பது எட்டுப் படம். மற்ற நேரமெல்லாம் அது சும்மா நின்று கூடுதலாகத் தின்பது நாளுக்குப் பத்து மணித்தியாலம், மாதம் பத்து யூனிட் சொச்சம். மிச்சம் பிடித்ததை நாலு மடங்காகத் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

சூடு ஒரு பெரிய விஷயம் இல்லை. ஆடி மாதக் கச்சான் வீசும்போது அறையே அடுப்பு. அதில் 120 வாட் புரொசசரா 95 வாட் புரொசசரா என்று முதுகுக்குத் தெரியாது. விண்டோஸ் 11 பட்டியலில் இரண்டும் இல்லை, 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஓடு முடிந்தது. அந்த விஷயத்தில் இருவரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்ப முதல் அவனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். என்ன வேலைக்கு என்று கேட்டால், பிள்ளைகள் படிக்க, பில் அடிக்க, பின்னேரத்தில் கொஞ்சம் கேம் என்றான். வாங்காதே என்றேன். "நீ மட்டும் வைச்சிருக்கிறாய்தானே" என்றான். வைத்திருக்கிறேன். ஒருவர் போன மாதம் நல்ல விலைக்குக் கேட்டும் கொடுக்கவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்தை விட்டு மறுபடி ஐந்து மணித்தியாலத்துக்குப் போக என்னால் ஏலாது.

ஆனாலும் வாங்காதே மச்சான். ராம் தேய்த்த கிழமையில் கேட்டாய், அதனால் இந்தப் பதில். பங்குனியில், அந்த உப்புவெளி வீட்டின் ஆறு காட்சியையும் ஒரே நாளில் முடித்துக் கொடுத்த அன்று கேட்டிருந்தால், வள்ளம் பிடித்து வந்து நானே பொருத்தித் தந்திருப்பேன். வாங்கத்தான் போகிறாய் என்றால் முதலில் பெரிய யூ.பி.எஸ். ஒன்று எடு, பழைய பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதே, அழிறப்பர் வெள்ளையாகப் பார்த்து வாங்கு, நிறம் போட்டது கறை விடுகிறது.