பிள்ளையின் காது, மூக்கு, தொண்டை: சாட்பொட்டா, என்எச்எஸ் பக்கமா, கிளினிக்கா?

"செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கியிருக்கு, குரொமெட் வைக்க வேண்டி வரலாம்" என்று சொல்லிவிட்டு கிளினிக்கில் டொக்டர் அடுத்த இலக்கத்தைக் கூப்பிடுவார். வரிசை அவ்வளவு நீளம், அவரைக் குறை சொல்ல முடியாது. விளங்காத மிச்சத்தை வீட்டுக்கு வந்துதான் தேட வேண்டும்.

அந்த இடத்தில் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற சாட்பொட்டுகள் கைகொடுக்கின்றன. குரொமெட் என்பது செவிப்பறையில் வைக்கும் மிகச் சிறிய குழாய், நடுக்காதுக்குக் காற்றுப் போக வழிவிடும், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்தில் தானாகவே விழுந்துவிடும். தேங்கிய நீர் பல பிள்ளைகளுக்கு 3 மாதத்துக்குள் வற்றிவிடுவதால் டொக்டர்கள் முதலில் பொறுத்துப் பார்ப்பார்கள். பிரித்தானிய அரச சுகாதார சேவையான என்எச்எஸ்ஸின் இணையப் பக்கத்திலும் இதேதான் இருக்கிறது, சரிபார்த்த திகதியோடு. நம்பிக்கைக்கு அதுதான் மேல். ஆனால் "குழாயோடு கீரிமலைக் கேணியில் இறக்கலாமா?" என்று அதனிடம் கேட்க முடியாது. சாட்பொட்டிடம் கேட்கலாம், அம்மம்மாவுக்கு விளங்கத் தமிழிலும் சொல்லும். என்ன, தமிழில் மருந்துப் பெயர்கள் சில நேரம் தடுமாறும்.

மருந்தின் அளவு என்று வந்தால் எனக்கு சாட்பொட்டில் நம்பிக்கை இல்லை. அமெரிக்காவில் பிள்ளைகளுக்கான பரசிட்டமோல் சிரப் 5 மில்லிலீட்டரில் 160 மில்லிகிராம். இங்கே இலங்கையில் வழக்கமாக வாங்குவது 120, வளர்ந்த பிள்ளைகளுக்கு 250 உள்ளதும் உண்டு. 12 கிலோ பிள்ளைக்கு ஒரு தடவைக்கு, கிலோவுக்கு 15 என்று, 180 மில்லிகிராம் வரை கொடுக்கலாம் என்று வையுங்கள். 120 சிரப்பில் அது 7.5 மில்லிலீட்டர். அதே 7.5ஐ 250 போத்தலில் இருந்து எடுத்தால் 375 மில்லிகிராம், இரண்டு மடங்குக்கும் மேல். போத்தலை சாட்பொட் பார்க்கவில்லை. நீங்கள் லேபலை வாசித்துச் சொல்லாவிட்டால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு கணக்குப் போடும். பார்மசிக்காரரிடம் போத்தலைக் காட்டிக் கேட்பது இதைவிட நூறு மடங்கு மேல்.

மூக்கால் இரத்தம் வந்தால் மட்டும் அயலட்டையைவிட சாட்பொட்டே பரவாயில்லை. இங்கே எல்லோரும் தலையை அண்ணாந்து பிடிக்கச் சொல்வார்கள். முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மென்மையான பகுதியை 10, 15 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிப்பதுதான் சரி.

மூக்குக்குள் பட்டன் பற்றரி போனாலோ, டொன்சில் வெட்டிய பிள்ளை இரத்தம் துப்பினாலோ சாட்பொட்டில் எதையும் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். பற்றரி சில மணித்தியாலத்துக்குள் தசையை அரித்துவிடும். டொன்சில் வெட்டி ஒரு கிழமைக்குப் பிறகும் இரத்தம் வரலாம். ஆங்கிலத்தில் கேட்டால் சாட்பொட் அமெரிக்க அவசர இலக்கமான 911க்கு அடிக்கச் சொன்னாலும் சொல்லும்; நமக்கு 1990, அம்புலன்ஸ் இலவசம்.

இன்னொன்று, கிளினிக் கொப்பியைப் படமெடுத்துப் போடுவதானால் பெயரையும் இலக்கத்தையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.