டோக்கியோவில் யூஆர் வீடு: வாடகை மலிவில்லை, ஆனால் தண்டம் இல்லை

டோக்கியோவில் வீடு பார்க்கப் போனால் வாடகையைவிட முதலில் மிரட்டுவது ரெய்கின். வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் 'நன்றிப் பணம்', கொடுத்தால் திரும்பாது. மாதம் 1,20,000 யென் வாடகையுள்ள ஒரு தனியார் வீட்டுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ரெய்கின் ஒரு மாதம், புரோக்கர் கமிஷன் ஒரு மாதமும் அதன்மேல் 10 சதவீத வரியும், உத்தரவாத நிறுவனத்துக்கு அரை மாதம், பூட்டு மாற்றவும் தீ விபத்துக் காப்பீட்டுக்கும் 40,000 போல. ஆக 3,52,000 யென் போனது போனதுதான். அட்வான்ஸ் தனி. இரண்டு வருடம் முடிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க இன்னொரு மாத வாடகை கேட்பார்கள்.

யூஆர் எனப்படும் அரைஅரசு வீட்டு நிறுவனத்தில் இவை எதுவும் கிடையாது. உத்தரவாதக் கையெழுத்துக்கு ஒரு ஜப்பானியரைத் தேடி அலையவும் வேண்டாம். இரண்டு மாத அட்வான்ஸ், சேரும் மாதத்தில் மிச்சமுள்ள நாட்களின் வாடகை, பொதுப் பராமரிப்புக் கட்டணம், அவ்வளவே. ஆனால் மாத வாடகை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சுற்றுவட்டாரத்தின் சந்தை வாடகையை ஒட்டித்தான் அதை வைக்கிறார்கள். லாபம் முழுவதும் உள்ளே நுழையும்போதும், புதுப்பிக்கும்போதும்தான்.

2017-இல் ஜப்பான் நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவரில் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொல்லியிருந்தார்கள். யூஆரில் அந்தப் பேச்சே எழாது. 2000-ஐ ஒட்டி வந்த இந்திய மென்பொருள் ஊழியர்கள் டோக்கியோவின் கிழக்கே எதோகாவா வார்டிலுள்ள நிஷிகசாயில் குவிந்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, அங்கிருந்து தோசாய் ரயில் நேராகக் கயாபாச்சோ, நிஹோன்பாஷி, ஒத்தேமாச்சி அலுவலகங்களுக்குப் போகிறது.

நிபந்தனை இரண்டு. முதலாவது, நடுத்தர அல்லது நீண்ட கால விசாவும் வசிப்பு அட்டையும் வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து பிடித்துவிடலாம் என்பது நடக்காது. இரண்டாவது, வருமானம். குடும்பமாக இருந்து வாடகை 82,500 யென்னுக்குக் கீழே என்றால் மாத வருமானம் வாடகையைப் போல் நான்கு மடங்கு வேண்டும். அதற்கு மேல் 2,00,000-க்குள் என்றால் 3,30,000 யென் போதும். தனி ஆளுக்கு வாடகை 62,500-இலிருந்து 2,00,000-க்குள் என்றால் 2,50,000. வருமானம் எட்டவில்லையா? வாடகையின் நூறு மடங்கு சேமிப்பைக் காட்டலாம் (அது இருப்பவர் வாடகைக்கு ஏன் வருகிறார் என்று தெரியவில்லை), அல்லது ஒரு வருட வாடகையை முன்கூட்டியே கட்டலாம்.

புதிதாக வந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வருமானச் சான்றில்தான். போன வருட வரிச் சான்று இருக்காது. வேலை தரும் நிறுவனம் எதிர்பார்க்கும் சம்பளத்தை எழுதி முத்திரையிட்டுத் தர வேண்டும். யூஆர் கொடுக்கும் படிவத்திலேயே வாங்குங்கள், அலுவலகக் கடிதத்தாளில் எழுதி வாங்கினால் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. குடும்பத்தார் அனைவரும் இடம்பெற்ற வசிப்புப் பதிவுச் சான்றும் தேவை. ஒப்பந்த விளக்கம் ஜப்பானிய மொழியில் நடக்கும், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

வீடு கிடைப்பது முந்துபவருக்கே. நிஷிகசாய், ஓஜிமா பக்கம் காலியாவது குறைவு, வந்தாலும் நிற்காது. எனவே சான்றுகளை முதலில் திரட்டி வைத்துவிட்டு, பிறகு இணையதளத்தைத் தினமும் பாருங்கள். தள்ளுபடி வாடகை என்று போட்டிருந்தால் அது மூன்று வருடத்தோடு முடியும் ஒப்பந்தமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சாவி வாங்கித் திறந்தால் பலருக்கு அதிர்ச்சி. அறையில் விளக்கு இருக்காது. திரை, அடுப்பு இருக்காது. பழைய கட்டடத்தில் ஏசியும் இருக்காது. எல்லாம் நம் செலவு. கேஸ் அடுப்பு வாங்கும் முன் எரிவாயு வகையையும், சுவர் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகமான பர்னர் எந்தப் பக்கம் என்பதை வைத்து இரண்டு மாடல் விற்கிறார்கள், அந்த பர்னர் சுவரை ஒட்டி வரக் கூடாது. கேஸ் இணைப்பு திறக்கும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

ஐந்து மாடிப் பழைய கட்டடங்களில் லிஃப்ட் இல்லை. உயரமான சிலவற்றில் லிஃப்ட் உண்டு, ஆனால் எல்லா மாடியிலும் நிற்காது. அறையின் அளவைத் தாதாமி எனும் தரைப்பாய்களின் எண்ணிக்கையில் சொல்வார்கள். ஆறு பாய் அறை என்றால் பாயின் அளவைக் கேளுங்கள்: இத்தகைய குடியிருப்பின் தாதாமி 170 × 85 செ.மீ. போல இருக்கும், வழக்கமான டோக்கியோ பாயைவிடச் சிறியது.

மாவரைப்பவர்களுக்கு ஒரு விஷயம். டோக்கியோவில் 100 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஊர் கிரைண்டர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் அப் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் சரியான வேகத்தில் ஓடும். அமெரிக்காவுக்கென்று செய்த 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் கிரைண்டரை நேரடியாகச் சொருகினால் மெதுவாகச் சுற்றும், மோட்டாரும் கூடுதலாகச் சூடேறும். 750 வாட் மிக்சிக்கு டிரான்ஸ்ஃபார்மர் 1,500 வாட்டாவது தாங்க வேண்டும், தொடங்கும்போது இழுக்கும் மின்சாரம் அதிகம். வீட்டுக்கு 30 ஆம்பியர் இணைப்பு என்றால் ஏசி, மைக்ரோவேவ், மிக்சி மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழலாம். ராத்திரி கிரைண்டர் போடாதீர்கள். கீழ்வீட்டிலிருந்து புகார் வருவது பெரும்பாலும் சத்தத்தால்தான்.

இடத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். தோசாய் ரயிலில் கிபா–மோன்சென்நகாச்சோ இடையே 2019-இல் காலை நெரிசல் 199 சதவீதம். எதோகாவா வார்டின் பெரும்பகுதி தாழ்நிலம். பெருவெள்ளம் வரும் என்றால் வார்டை விட்டு வெளியேறுங்கள் என்று வார்டு நிர்வாகமே 2019 வெள்ள வரைபடத்தில் பளிச்சென்று அச்சிட்டது. அதனால் தரைத்தளம் வேண்டாம். கட்டடம் 1981 ஜூனுக்கு முந்தைய விதிப்படி கட்டியது என்றால் நிலநடுக்கப் பரிசோதனை முடிவை யூஆர் தளத்தில் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காலி செய்வது சுலபம், 14 நாள் முன்னறிவிப்பு போதும். தனியாரில் பொதுவாக ஒரு மாதம். வெயிலில் மங்கிய சுவர்த்தாள், சோபா அழுத்திய பள்ளம் போன்ற சாதாரணத் தேய்மானத்துக்கு அட்வான்ஸில் பிடிக்க முடியாது. மஞ்சள் தெறித்த கறை, தாளிப்பு எண்ணெய்ப் பிசுக்கு, பூஞ்சை ஆகியவற்றுக்குப் பிடிப்பார்கள். அடுப்புக்குப் பின்னால் ஒட்டும் அலுமினியத் தாள் நூறு யென் கடையில் கிடைக்கிறது. குடிபுகும் அன்றே ஏற்கெனவே உள்ள கீறல்களைப் படமெடுத்து, அவர்கள் தரும் சரிபார்ப்புத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.