சல்பைடு மூட்டைக்குக் காஸ்டிக் சோடாவின் தாள்: ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் எஸ்.டி.எஸ். எழுதி வாங்குவோர் கவனத்துக்கு

"சிந்திய பொருளை நீர்த்த அமிலம் கொண்டு நடுநிலைப்படுத்தவும்." காசு கொடுத்து வாங்கிய ஒரு பாதுகாப்புத் தகவல் தாளின் (எஸ்.டி.எஸ்.) 6-ஆம் பகுதியில் இருந்த வரி இது. தாளின் தலைப்பு: சோடியம் சல்பைடு செதில், 60 சதவீதம். தோல் பதனிடும் டேனரியில் ஒரு வாரம் வேலை பார்த்தவருக்கும் இந்த வரி என்ன செய்யும் என்று தெரியும். சல்பைடு மேல் ஆசிட் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். சிந்தியதைச் சுத்தம் செய்யக் குனிகிறவர்தான் முதலில் விழுவார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளுக்கும் ஆம்பூர் ஷூ யூனிட்டுகளுக்கும் சரக்கு பிரித்து அனுப்பும் ஒரு கிடங்குக்கு மூன்று தாள் தேவைப்பட்டது: சல்பைடு செதில், 85 சதவீத பார்மிக் ஆசிட், ஷூ ஒட்டும் பசை. "ஜி.எச்.எஸ். முறைப்படி வகைப்படுத்தி, தமிழ் லேபிளும் சேர்த்துத் தருகிறோம்" என்ற ஆலோசகரிடம் தாளுக்கு 4,500 ரூபாய் வீதம், ஜி.எஸ்.டி. சேர்த்து 15,930 ரூபாய் கட்டப்பட்டது. ஜி.எச்.எஸ். என்பது ரசாயனங்களின் ஆபத்தை வகைப்படுத்தி லேபிள் போடும் ஐ.நா. முறை. இரண்டே நாளில் பதினாறு பகுதிகளோடு, வண்ணப் படங்களோடு மூன்றும் வந்துவிட்டன. இந்த வேகத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பசைக்கு என்னென்ன சரக்கு எத்தனை சதவீதம் என்று அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

லோடு ஏற்றும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. தயாரிப்பாளர் மூட்டையில் அச்சடித்திருந்தது யூ.என். 1849 (ஆபத்தான சரக்கை அனுப்பும்போது அடையாளம் காட்டும் ஐ.நா. எண்). தாளின் 14-ஆம் பகுதியில் இருந்தது யூ.என். 1823. அது காஸ்டிக் சோடாவின், அதாவது திட சோடியம் ஹைட்ராக்சைடின் எண். அதன்பிறகு தாளை வரி வரியாகப் படித்தால், பெயரை மட்டும் அழித்து எழுதிய காஸ்டிக் சோடா தாள் அது.

9-ஆம் பகுதியில் உருகுநிலை 318 டிகிரி, அடர்த்தி 2.13. இரண்டும் காஸ்டிக் சோடாவுக்கு உரியவை. 60 சதவீத சல்பைடு செதில் நூறு டிகிரிக்குக் கீழேயே இளகிவிடும். நிறம் வெள்ளை, மணம் இல்லை என்று வேறு போட்டிருந்தார்கள். சல்பைடு மூட்டையின் வாயைப் பிரித்தவர் யாராவது மணம் இல்லை என்று எழுதுவார்களா? ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணான சி.ஏ.எஸ். எண்ணை மட்டும் மாற்ற முயன்றிருக்கிறார்கள், அதிலும் பிழை: 1313-82-5. இந்த எண்ணைச் சரிபார்க்கக் கணினிகூட வேண்டாம். கடைசி இலக்கத்தை விட்டுவிட்டு, வலமிருந்து ஒவ்வோர் இலக்கத்தையும் 1, 2, 3 என்று வரிசையாகப் பெருக்கிக் கூட்ட வேண்டும். 131382-க்கு 2+16+9+4+15+6, மொத்தம் 52. கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமான 2 தான் சரிபார்ப்பு இலக்கம். ஆக, சரியான எண் 1313-82-2. தாளில் இருந்தது எந்தப் பொருளுக்கும் உரிய எண் அல்ல.

எண் பிழையைத் திருத்திவிடலாம். வகைப்பாடே தவறாக இருந்ததுதான் பெரிய மோசம். காஸ்டிக் சோடாவும் சல்பைடும் தோலை அரிக்கும், அதனால் எச்314 என்ற ஆபத்து வாசக எண் இரண்டுக்கும் பொது. அதோடு ஒற்றுமை முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1272/2008 ஒழுங்குமுறையில் சோடியம் சல்பைடுக்கு மேலும் மூன்று வகைப்பாடுகள் உண்டு: தோல்வழி நச்சு வகை 3 (எச்311), விழுங்கினால் நச்சு வகை 4 (எச்302), நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நச்சு வகை 1 (எச்400). கூடவே "அமிலம் பட்டால் நச்சு வாயு வெளிவரும்" என்ற கூடுதல் வாசகம், இ.யூ.எச்.031. வாங்கிய தாளில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. மண்டையோட்டுப் படம் இல்லை, மீன்-மரம் படமும் இல்லை. பாலாற்றங்கரையில் சல்பைடு விற்கும் தாளில் மீன் படம் இல்லாததை என்னவென்று சொல்வது.

60 சதவீதம்தானே, மீதி தண்ணீர்தானே, நச்சு வகை இறங்கிவிடாதா என்று கேட்கலாம். அதையும் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கலவையின் கடும் நச்சு மதிப்புக்குச் (மதிப்பும் வகை எண்ணும் குறையக் குறைய நச்சு அதிகம்) சூத்திரம்: நூறைக் கலவை மதிப்பால் வகுத்தால் வருவதும், ஒவ்வொரு பொருளின் சதவீதத்தை அதனதன் மதிப்பால் வகுத்துக் கூட்டினால் வருவதும் சமம். தோல்வழி வகை 3-க்கு, சோதனை எண் கையில் இல்லாதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பு 300. 60-ஐ 300-ஆல் வகுத்தால் 0.2. நூறை 0.2-ஆல் வகுத்தால் 500. தோல்வழி வகை 3-இன் எல்லை 200-க்கு மேல் 1000 வரை. ஆகச் செதில் வகை 3-லேயே நிற்கிறது, மண்டையோடு போட்டே ஆக வேண்டும். 20 சதவீதக் கரைசலாக்கினால் மதிப்பு 1500, வகை 4-க்கு இறங்கும். இந்த மூன்று வரிக் கணக்கைத்தான் அவர் போடவில்லை.

இன்னொரு நுணுக்கம். "அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு" என்பதற்கு ஐ.நா.வின் ஜி.எச்.எஸ். நூலில் தனி ஆபத்து வகுப்பே கிடையாது. அது ஐரோப்பியக் கூடுதல் வாசகம் மட்டுமே. வகுப்புப் பட்டியலை டிக் அடித்துக்கொண்டே போகிறவர் நேர்மையாக வேலை செய்தாலும் இதைத் தவறவிடலாம். அதனால் 2-ஆம் பகுதியின் "பிற ஆபத்துகள்" இடத்திலும், 10-ஆம் பகுதியின் "சேரக்கூடாதவை" இடத்திலும் அமிலம் என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

எவ்வளவு வாயு வரும்? ஒரு கிலோ செதிலில் 600 கிராம் சோடியம் சல்பைடு. அது முழுக்க ஆசிட்டோடு சேர்ந்தால் ஏறக்குறைய 260 கிராம், அதாவது 190 லிட்டர் ஹைட்ரஜன் சல்பைடு. 65 அடி நீளம், 50 அடி அகலம், 20 அடி உயரமுள்ள ஷெட் முழுவதையும் 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குக் கொண்டுபோக இது போதும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு அது. நம் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை எட்டு மணி நேரத்துக்கு அனுமதித்தது 10 பி.பி.எம்., குறுகிய நேரத்துக்கு 15. ஒரு கிலோவுக்கே இந்தக் கணக்கு, மூட்டை 25 கிலோ. அழுகிய முட்டை நாற்றத்தை நம்பவும் முடியாது. 100 பி.பி.எம். பக்கம் போனதும் மூக்கு மரத்துவிடும், "நாற்றம் போயிடுச்சு" என்று உள்ளே இறங்குவார்கள். காற்றைவிடக் கனமான வாயு என்பதால் குழியிலும் தொட்டியிலும் கால்வாயிலும் தேங்கி நிற்கும்.

சல்பைடு சிந்தினால் செய்ய வேண்டியது: உலர்ந்த நிலையிலேயே பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, மூடியுள்ள உலர்ந்த பிளாஸ்டிக் டிரம்மில் போடுங்கள். மீதியைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீர் சுண்ணாம்புக் கழிவுநீர் வழியில் மட்டுமே போகலாம். அங்கே பி.எச். 10-க்கு மேல் இருக்கும். அமிலம் கலந்த பிக்கிள், குரோம் கழிவு போகும் கால்வாயில் ஒரு வாளிகூட ஊற்றக் கூடாது. பி.எச். 7-க்கு வந்தாலே கரைந்திருக்கும் சல்பைடில் பாதி வாயு வடிவத்துக்கு மாறிவிடும். மாங்கனீஸ் சல்பேட் போட்டுக் காற்றூதி சல்பைடை ஆக்சிஜனேற்றிய பிறகுதான் இரண்டு கழிவையும் ஒன்று சேர்க்கலாம். முகமூடி விஷயத்திலும் அந்தத் தாள் "தூசி மாஸ்க்" என்றது. செதிலின் தூசியை அது தடுக்கும், வாயுவைத் தடுக்காது. வாயு கிளம்பிய இடத்துக்குள் காற்று உருளை கட்டாமல் யாரும் போகக் கூடாது, விழுந்தவரைத் தூக்கப் போகிறவரும் கூடத்தான்.

பார்மிக் ஆசிட் தாளில் தப்பு எதிர்த் திசையில் இருந்தது. 98, 99 சதவீத ஆசிட்டின் தாளை நகலெடுத்து, தீப்பற்று நிலை (ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் வெப்பநிலை) 50 டிகிரி, தீப்பற்றும் திரவம் வகை 3, யூ.என். 1779 என்று போட்டிருந்தார்கள். 85 சதவீத ஆசிட்டின் தீப்பற்று நிலை 60-க்கு மேலே போய்விடுகிறது, அதனால் வகை 4. தோல் அரிப்பில் 90 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 1ஏ, 10 முதல் 90-க்குக் கீழ் வரை 1பி. போக்குவரத்தில் 1779 என்பது 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும். 10 முதல் 85 வரை யூ.என். 3412. ஆனால் பகுப்பாய்வுச் சான்றிதழில் 85.3 என்று இருந்தால் அந்த லாட் 1779-க்குள் போய்விடும், சான்றிதழைப் பார்க்காமல் எண் போடக் கூடாது. கூடுதலாக எச்சரிப்பதில் என்ன நஷ்டம் என்பார்கள். இந்தத் தாளை நம்பி ஆசிட் கேன்களைத் தின்னர், பசை வைக்கும் அறைக்கு மாற்றினால், அரிக்கும் பொருளும் எரியும் பொருளும் ஒரே கூரையின் கீழ் வந்துவிடும்.

பசைத் தாளின் 3-ஆம் பகுதி ஒரே வரி: "வணிக ரகசியம், 100 சதவீதம்." கலவையில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் வகைப்படுத்தியிருக்கிறார்கள், நூற்றுக்கு நூறு ரகசியம் என்றால் வகைப்பாடே நடக்கவில்லை என்றுதான் பொருள். தீப்பற்று நிலை 38 டிகிரி என்று இருந்தது, அது டர்பன்டைன் வகைக் கரைப்பான்களின் எண். ஹெக்சேனும் டொலுவினும் உள்ள பசைக்கு அது வரவே வராது. ஹெக்சேன் மட்டும் என்றால் பூஜ்யத்துக்குக் கீழே 22, டொலுவினுக்கு 4 டிகிரி.

பசையில் ஹெக்சேன் 22, டொலுவின் 30, எத்தில் அசிடேட் 20, மீதி ரப்பரும் பிசினும் என்று வைத்துக்கொள்வோம். தீப்பற்று நிலை 23-க்குக் கீழ், கொதிநிலை 35-க்கு மேல் என்பதால் வகை 2, எச்225. டொலுவின் 3 சதவீதத்தைத் தாண்டியதால் கருவுக்குப் பாதிப்பு என்ற சந்தேகம், எச்361. ஹெக்சேன் இருப்பதால் நீண்டநாள் வெளிப்பாட்டில் நரம்புப் பாதிப்பு என்ற வகைப்பாடும் சேரும். மயக்கம், தோல் எரிச்சல், கண் எரிச்சல் ஆகியவற்றுக்கு எச்336, எச்315, எச்319. இவற்றில் எச்336 ஒன்றுதான் அந்தத் தாளில் இருந்தது. பதிலாக, தேவையில்லாத எச்304 இருந்தது. விழுங்கினால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து 40 டிகிரியில் பாகுத்தன்மை வினாடிக்கு 20.5 சதுர மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ உள்ள திரவத்துக்குத்தான். தின்னருக்குப் பொருந்தும், கெட்டிப் பசைக்குப் பொருந்தாது.

ஹெக்சேன் நரம்பு விஷயத்தை மேலோட்டமாக விடக் கூடாது. மூடிய அறையில் மாதக் கணக்கில் பசை தடவுகிறவருக்குக் கால் விரல், கை விரலில் மதமதப்பு தொடங்கி, பிறகு கால் தளரும். பசையில் எம்.இ.கே. (மெத்தில் எத்தில் கீட்டோன்) என்ற கரைப்பான் சேர்த்திருந்தால் ஹெக்சேனின் இந்தப் பாதிப்பு இன்னும் கூடும். கூட்டல் சூத்திரம் அதைக் காட்டாது, 11-ஆம் பகுதியில் எழுத்தால் எழுத வேண்டும்.

38 டிகிரி என்ற எண்ணில் சட்டச் சிக்கலும் ஒளிந்திருக்கிறது. ஹைட்ரோகார்பன் கலந்த, தீப்பற்றும் பசையும் பெட்ரோலியச் சட்டத்தின் வரையறைக்குள் வரும். 23-க்குக் கீழே என்றால் ஏ வகுப்பு. விற்பனைக்கு இல்லாமல் சொந்த உபயோகத்துக்கு வைத்தாலும் உரிமம் இல்லாமல் 30 லிட்டருக்கு மேல் வைக்க முடியாது. 38 என்று எழுதினால் பி வகுப்பாகிவிடும், அதற்கு விலக்கு பல மடங்கு. காகிதத்தில் எண்ணை மாற்றிக் கிடங்கைச் சட்டத்துக்குள் கொண்டுவந்ததுபோல் காட்டிய தாள் இது. ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தால் மூடிய கிண்ண முறையில் கேளுங்கள், திறந்த கிண்ணத்தில் எண் கூடுதலாக வரும்.

தமிழ் லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. தீப்பற்று நிலையை, அதாவது ஃபிளாஷ் பாயின்ட்டை, "மின்னல் புள்ளி" என்று மொழிபெயர்த்திருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் சல்பைடு லேபிளில் எச்314-உம் எச்315-உம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன, ஆச்சரியக்குறிப் படத்தோடு. தோலை அரிக்கும் என்று சொன்ன பிறகு தோல் எரிச்சல் என்று தனியாக எழுதுவதில்லை. அரிப்புப் படம் வந்தால் தோல், கண் எரிச்சலுக்கான ஆச்சரியக்குறி போகும். மண்டையோடு வந்தால் நச்சுக்கான ஆச்சரியக்குறியும் போகும். இரண்டு தாளை ஒட்டியவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

கேட்டபோது வந்த பதில்: "சாஃப்ட்வேர் தந்த ரிசல்ட் சார், 16-ஆம் பகுதியில் பொறுப்புத் துறப்பு இருக்கே." பணம் திரும்பவில்லை. 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான ரசாயன விதிகளில் 17-ஆம் விதி தாளைப் பெறும் அல்லது உருவாக்கும் கடமையைத் தொழிற்கூடத்தை நடத்துபவர் மேல்தான் வைத்திருக்கிறது. ஆலோசகரின் துறப்பு அவரைக் காப்பாற்றும், கிடங்குக்காரரை அல்ல.

அடுத்த முறை யாருக்கு வேலை கொடுத்தாலும் தாளைக் கேட்காமல் முதலில் கணக்குத் தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு உட்பொருளின் சி.ஏ.எஸ். எண், சதவீதம், நச்சு எண் எங்கிருந்து எடுத்தது, எந்த எல்லையைத் தாண்டியதால் எந்த எச் எண், எந்தச் சோதனை முறையில் தீப்பற்று நிலை என்று ஒரு பக்கம் இருந்தால் போதும். தர மறுத்தால் முன்பணம் கொடுக்காதீர்கள். தந்தால், உங்கள் மூட்டையில் உள்ள யூ.என். எண்ணோடும் தயாரிப்பாளரின் தாளோடும் வைத்துப் பாருங்கள், பத்து நிமிஷ வேலை. தயாரிப்பாளரின் தாளைக் கேட்டு வாங்கினால் பல சமயம் ஆலோசகரே வேண்டியிருக்காது.

ஏற்கெனவே இப்படிப்பட்ட தாள் கைக்கு வந்துவிட்டவர்கள், புதிய தாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சல்பைடு வைத்திருக்கும் இடத்தில் தொங்கும் பழைய தாளை இன்றே கழற்றி, "ஆசிட் சேரக்கூடாது, கால்வாயில் கொட்டக்கூடாது" என்று தமிழிலும், வேலைக்கு வந்திருப்பவர்கள் படிக்கும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி ஒட்டுங்கள். லாரி டிரைவரிடம் கொடுத்த நகல், டேனரி வாட்ச்மேன் ஃபைலில் உள்ள நகல், வாட்ஸ்அப்பில் போன பி.டி.எஃப். மூன்றையும் பட்டியல் போட்டுத் திரும்பப் பெறுங்கள். வாட்ஸ்அப்பில் போனதைத் திரும்ப வாங்க முடியாது என்பதால், அதே குழுவில் யூ.என். 1823 என்று இருக்கும் சல்பைடு தாளை நீக்கிவிடச் சொல்லி ஒரு குரல் பதிவு போடுங்கள்.