நாலடி பத்தங்குல உடம்புக்கு எந்த பிசிடி? ஆறு வருட அனுபவம்

என் உயரம் நாலடி பத்தங்குலம், எடை 43 கிலோ. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதியிருப்பது எல்லாமே இந்த இரண்டு எண்களோடு ஒட்டியது. ஐந்தரை அடி உயரம் உள்ளவருக்கு இதில் பாதி பொருந்தாது.

2019-ல் அந்தமானில், ஹேவ்லாக் தீவில் ஸ்கூபா கற்றுக்கொண்டேன். வாடகைக்குக் கொடுத்த பிசிடி, அதாவது காற்றடைத்து மிதக்கவும் காற்றை விட்டு இறங்கவும் உதவும் அந்தச் சட்டை, எக்ஸ்எஸ் அளவு. இதற்குமேல் சின்னது கிடையாது என்றார்கள். கரையில் நின்றபோது சரியாகத்தான் இருந்தது. தண்ணீரில் குதித்துக் காற்றடைத்ததும் சட்டை மட்டும் மேலே போனது, நான் அதற்குள் கீழே தொங்கினேன். தோள்பட்டை இரண்டும் காதை உரசின. கழுத்துப்பட்டியில் தாடை இடித்தது. பயிற்சியாளர் அண்ணா ஒவ்வொரு முறையும் கீழே கையைக் கொடுத்து அதை இடுப்புக்கு இழுத்துவிட்டார். கடலுக்கடியில் முதுகில் கட்டிய காற்று டேங்க் இடமும் வலமும் உருண்டது. நேராக்கவே பாதிக் காற்று செலவாகும். எனக்குத்தான் இன்னும் உடம்பைச் சமநிலையில் வைக்கத் தெரியவில்லை என்று முப்பது டைவ் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

காரணம் எளிமையானது. காற்றடைத்த பை மேலே போகப் பார்க்கும். அதை உடம்போடு பிடித்து வைப்பது இடுப்புப் பட்டைதான். அந்தப் பட்டை விலா எலும்புக்குக் கீழே, இடுப்பெலும்புக்கு மேலே இருக்கும் குழிவில் உட்கார வேண்டும். நான் போட்டுப் பார்த்த எக்ஸ்எஸ்களில் சுற்றளவு குறைந்ததே தவிர, முதுகு நீளம் அந்த அளவுக்குக் குறையவில்லை. குட்டை முதுகுக்காரிக்குப் பட்டை இடுப்பெலும்பைத் தாண்டித் தொடை மேல் விழும், அங்கே பிடிமானமே இல்லை. குனிந்தால் கழுத்தின் பின்னால் ஒரு எலும்பு துருத்திக்கொண்டு தெரியும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எனக்கு 38 செ.மீ. உயரம், எடை, மார்பளவு எல்லாவற்றையும்விட எனக்கு இந்த ஒரு அளவுதான் உதவியது.

இதோடு டேங்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் ஊர் டைவ் சென்டர்களில் பெரும்பாலும் கிடைப்பது 11 லிட்டர் அலுமினிய டேங்க். உயரம் 66 செ.மீ.க்குக் கொஞ்சம்தான் குறைவு, நிரப்பினால் 17 கிலோவுக்கு மேல். என் எடையில் ஐந்தில் இரண்டு பங்கு அது. 38 செ.மீ. முதுகில் அதைக் கட்டினால் மேலே வால்வு பின்மண்டையில் இடிக்கும், இல்லாவிட்டால் கீழ்முனை தொடையில் இடிக்கும். டேங்க் பட்டையை மேலே கீழே நகர்த்தி இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் கண்டுபிடிக்க எனக்கு நாலைந்து டைவ் ஆனது. கண்டுபிடித்த இடத்தைப் பெர்மனன்ட் மார்க்கரால் குறித்து வைத்தேன். அப்புறம், நைலான் டேங்க் பட்டை என்றால் இறுக்குவதற்கு முன் நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த பட்டை தண்ணீரில் ஊறினால் தளர்ந்து டேங்க் வழுக்கும்.

முதலில் சொந்தமாக வாங்கியது, பெண்களுக்கென்றே தைத்த, காற்றுப்பை முழுக்க முதுகுப் பக்கம் இருக்கும் ஒரு இலேசான மாடல். மூன்று கிலோவுக்கும் குறைவு. உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி என்பதால் அது பெரிய நிம்மதி. தோள்பட்டைகள் வெளிப்பக்கமாக வளைந்து இறங்கியதால் மார்பில் அழுத்தவில்லை. பக்கவாட்டில் காற்றுப்பை இல்லாததால் முழுக்கக் காற்றடைத்தாலும் மூச்சு முட்டவில்லை. வாடகைச் சட்டைக்குப் பிறகு இது எனக்குப் பெரிய விடுதலை. மேற்பரப்பில் நிறையக் காற்றடைத்தால் முகத்தை முன்னால் தள்ளும். பாதி மட்டும் அடைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்வது போலப் பின்னால் சாய்ந்தால் போதும்.

ஆனால் கடையில் நான் செய்த ஒரு தவறு இரண்டு வருடம் தொடர்ந்து வந்தது. அங்கே கொடுத்த 5 மி.மீ. தடிமனான, குளிர் தாங்கும் ரப்பர் உடையின் மேல் அதைப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. நான் டைவ் செய்வது புதுச்சேரியில். மே மாதத்தில் அங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், ரேஷ்கார்ட் எனும் மெல்லிய நீச்சல் சட்டையே போதும். அந்த மெல்லிய துணியின் மேல் இடுப்புப் பட்டையைக் கடைசி வரை இழுத்தாலும் தளர்வு. வெல்க்ரோ இரண்டு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று முழுக்க ஏறி, இறுக்க இடமே மிச்சமில்லை. பழைய கதைதான், சட்டை மறுபடி மேலே ஏற ஆரம்பித்தது.

ஆகவே நீங்கள் வழக்கமாக எதை உடுத்தி டைவ் செய்வீர்களோ, அதையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். டேங்கை மாட்டச் சொல்லிப் போட்டுப் பாருங்கள். டேங்க் இல்லாமல் போட்டால் எல்லாமே பொருந்துவது போலத்தான் தெரியும். பட்டைகளை இறுக்கிய பிறகு, ஒவ்வொன்றிலும் இன்னும் நாலு விரல் அளவாவது இழுக்க மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வால்வு காற்றை வெளியே விடும் வரை முழுக்கக் காற்றடைத்து, கூட வந்தவரைப் பின்னாலிருந்து தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை காது வரை வந்தால் அந்த மாடல் வேண்டாம். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அப்படியே நின்றபடி வயிறு நிறைய மூச்சிழுத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, காற்றை வெளியேற்றும் எல்லா வால்வுகளின் கயிற்றையும் தொட்டு இழுங்கள். கை குட்டையாக இருப்பவர்களுக்கு வலது இடுப்புக்குப் பின்னால் இருக்கும் வால்வு எட்டாமல் போவது உண்டு. மூழ்குவதற்காக ஈயம் போட்டு வைக்கும் எடைப் பைகளை உருவிப் பாருங்கள், ஒரே இழுப்பில் வர வேண்டும். விற்பவர் அவசரப்படுத்தினால் நீங்கள் அவசரப்படாதீர்கள். உயிர் சம்பந்தப்பட்ட சாமான் இது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2021-ல் ஒரு நாள் மேலே வருவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் கடைசி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பைக்குக் காற்றடைக்கும் இன்ஃப்ளேட்டர் பட்டன் உள்ளே மாட்டிக்கொண்டது. ஸ்ஸ் என்று காற்று நிற்காமல் ஏறியது. சின்ன அளவுப் பை என்பதால் கண்மூடித் திறப்பதற்குள் நிரம்பும். வலது கையால் தோள் வால்வை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இடது கையால் பைக்குக் காற்று வரும் குழாயைக் கழற்றினேன். அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்ததால் தப்பித்தேன். கழற்றிப் பார்த்தால் பட்டனுக்கு அடியில் வெள்ளையாக உப்பு. மாதக் கணக்காக வெளிப்புறம் மட்டும் கழுவியிருக்கிறேன். அன்றிலிருந்து ஒவ்வொரு டைவ் நாளும் நல்ல தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, குலுக்கி, தலைகீழாக வடித்து, பட்டனை ஊறவைத்து அழுத்திவிட்டு, பாதிக் காற்றோடு நிழலில் தொங்கவிடுகிறேன்.

2022-ல் பேக்பிளேட்டுக்கு மாறினேன். முதுகில் ஒரு எஃகுத் தகடு, அதன் துளைகள் வழியே ஓடும் ஐந்து செ.மீ. அகலமுள்ள ஒரே நீளப் பட்டை, பின்னால் வடை வடிவத்தில் ஒரு காற்றுப்பை, அவ்வளவுதான். இங்கேயும் தகட்டின் நீளம்தான் முக்கியம். வழக்கமான தகடு என் இடுப்பெலும்பில் இடித்தது, குட்டைத் தகடு தேடி வரவழைத்தேன். பட்டையைச் சரிசெய்ய மூன்று சாயங்காலம் ஆனது. கண்ணாடி முன் நின்று, ஒவ்வொரு வளையத்தையும் ஒரு செ.மீ. நகர்த்தி, போட்டு, கழற்றி, மறுபடி போட்டு. மிச்சப் பட்டையை வெட்டி நுனியை லைட்டரால் உருக்கி மூடினேன். இரண்டு காலுக்கு நடுவே போகும் பட்டையை மாட்டியதும் மேலே ஏறும் பிரச்சினை அடியோடு போனது. முதல் டைவில் டேங்க் உருளவில்லை. மணல் தரைக்கு அரை மீட்டர் மேலே அசையாமல் படுத்தபடி ஒரு திருக்கை மீனை வேடிக்கை பார்த்தேன். கண் கலங்கிவிட்டது, மாஸ்க்குக்குள்.

இன்னொரு லாபம், ஈயம் குறைந்தது. தகடே இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். முன்பு நாலு கிலோ கட்டிய நான் இப்போது இரண்டுதான் கட்டுகிறேன். அதைக் கழற்றி எறியக்கூடிய பெல்ட்டில் வைத்திருக்கிறேன், தகட்டை எறிய முடியாது என்பதால். காற்றுப்பை 13 கிலோ தூக்கும். வெதுவெதுப்பான கடலில், ஒற்றை டேங்க்குக்கு அது தாராளம். இருபது கிலோவுக்கு மேல் தூக்கும் பெரிய பை சின்ன உடம்புக்கு வெறும் சுமை.

குறையும் உண்டு. தோளில் கொக்கி கிடையாது, கழற்றக் கொஞ்சம் பழக வேண்டும். புதுச்சேரியில் அலை அதிகமுள்ள நாளில் படகுக்கார அண்ணன், “தங்கச்சி, மொதல்ல டேங்கக் குடு, அப்புறம் நீ ஏறு” என்பார். இடுப்புக் கொக்கியைத் திறந்து இடது கையை முதலில் உருவ வேண்டும். விமானத்தில் தகட்டைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள்.

வருடத்துக்கு ஐந்தாறு டைவ்தான் என்றால் இவ்வளவு மெனக்கெட வேண்டாம். முதுகுப்பக்கக் காற்றுப்பை உள்ள, பெண்களுக்கான இலேசான மாடல் போதும். தோழியிடம் ஸ்கூபாப்ரோ ஹைட்ரோஸ் ப்ரோ பெண்கள் மாடல் இருக்கிறது, இரண்டு முறை வாங்கிப் போட்டேன். அந்த ரப்பர் போன்ற தோள்பட்டை ரேஷ்கார்டைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எக்ஸ்எஸ்ஸுக்கும் கீழே அளவு வைத்திருக்கும் கம்பெனிகள் சில உண்டு, விசாரியுங்கள். வருடத்துக்கு இருபது முப்பது என்றால் குட்டைத் தகடு.

தகட்டில் இதுவரை 140 டைவ் முடிந்திருக்கிறது. தகட்டில் கீறல்கூட அதிகமில்லை. இடது இடுப்பு வளையத்துக்கு அடியில் மட்டும் பட்டையின் ஓரம் பிரிய ஆரம்பித்திருக்கிறது. நாலு மீட்டர் புதுப் பட்டை சொல்லியிருக்கிறேன். வந்ததும் மறுபடி மூன்று சாயங்காலம் கண்ணாடி முன்னால்தான்.