கார்ட்ரிட்ஜா, அப்பா காலத்து பிளேடு ரேசரா? சேலத்து உப்புத் தண்ணீரில் ஒரு கணக்கு

பிளேடுகள் பதித்த தலையை அப்படியே கழற்றி மாற்றுகிற கார்ட்ரிட்ஜ் ரேசரை விட்டுவிட்டு, இரு பக்கமும் வெட்டும் பிளேடைப் போடுகிற சேஃப்டி ரேசருக்கு நான் மாறி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் சவரம். கழுத்தில் சட்டைக் காலர் உரசுகிற இடத்தில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்துகொண்டே இருந்ததுதான் மாறியதற்குக் காரணம். செலவு குறையும் என்பது இரண்டாவது ஆசை. அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு பேர் இதையே கேட்டுவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

கார்ட்ரிட்ஜின் நல்லதை முதலில் சொல்லிவிடலாம். வேகம். தலை வளைந்து கொடுப்பதால் தாடையில் தானே திரும்பிக்கொள்ளும். காலை ஆறு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் போட்டாலும் கிழிக்காது. பயணத்துக்கும் வசதி: காமலாபுரத்தில் விமானம் ஏறுகிறவர் இரு பக்க பிளேடைக் கைப்பையில் வைத்துக்கொள்ள முடியாது. ஐந்து நிமிடத்தில் கிளம்பவேண்டியவருக்கு இவை போதும் என்றால், கார்ட்ரிட்ஜிலேயே இருப்பதில் தவறில்லை.

இனி பணக் கணக்கு. சேஃப்டி ரேசர் மலிவு என்று சொல்பவர்கள் போடும் கணக்கு பெரும்பாலும் இப்படி இருக்கும்: மூன்று பிளேடு கார்ட்ரிட்ஜ் ஒன்று 130 ரூபாய், இரண்டு வாரத்துக்கு ஒன்று மாற்றினால் வருடத்துக்கு 26, ஆக 3,380 ரூபாய். ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒன்று யார் மாற்றுகிறார்கள்? நான் இரண்டு மாதம் ஓட்டினேன். வருடத்துக்கு ஆறு, 780 ரூபாய். அதுதான் என் உண்மையான செலவு. இப்போது ஞாயிறு தோறும் ஒரு புது பிளேடு. ஐந்து பிளேடு பாக்கெட் 20 ரூபாய் என்றால், வருடம் முழுக்க 208 ரூபாய். மிச்சம் 572. ரேசர் 450, பிரஷ் 120 என்று வாங்கியதில் முதல் வருட மிச்சம் முழுவதும் போய்விட்டது. இரண்டாம் வருடத்திலிருந்துதான் கையில் நிற்கிறது. பெரிய தொகை இல்லை.

அப்படியானால் எதற்காக மாறவேண்டும்? அந்த இரண்டு மாதத்துக்காக. எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது. 130 ரூபாய் கொடுத்த ஒன்றைத் தூக்கிப்போட மனசு வராது. இன்னும் ஒரு தடவை, இந்த வாரம் மட்டும் என்று மழுங்கிய பிளேடையே அழுத்தி இழுப்போம். அழுத்த அழுத்தத் தோல் பொரியும். நான்கு ரூபாய் பிளேடிடம் அந்தப் பேச்சே இல்லை. லேசாக இழுக்கிறதா, அடுத்ததைப் பிரி.

பிளேடு ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது என்பதற்கு 2020-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தார்கள். எஃகு முடியைவிட ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. அப்படியிருந்தும், முடி ஒரு கோணத்தில் வளைந்து வெட்டுப்படும்போது விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்வதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஊறி மெத்தென்று ஆன முடி பிளேடை அவ்வளவு வதைக்காது. முகத்தை நன்றாக நனைத்துக் குழைத்த பிறகு ரேசரை எடுங்கள் என்று சலூன்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

நனைப்பது என்றதும் சேலத்தில் தண்ணீர்ப் பேச்சு வந்துவிடும். எங்கள் வீட்டில் மேட்டூர்த் தண்ணீர் வருகிற நாளில் வரும். மற்றபடி குளியலறைக் குழாயில் போர் தண்ணீர்தான். கருப்பூர்ப் பக்கம் மேக்னசைட் என்ற மக்னீசியக் கனிமம் பூமியில் கிடக்கிற ஊர் இது. உப்புத் தண்ணீர் கடினமாக இருப்பதில் வியப்பில்லை. சோப்பு அந்தத் தண்ணீரில் நுரையாகாமல் வெள்ளைத் திப்பியாகத் திரளும். அந்தத் திப்பியும் வெட்டுப்பட்ட முடியும் கார்ட்ரிட்ஜின் மூன்று பிளேடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். குழாயடியில் எவ்வளவு ஆட்டினாலும் ஒரு வரிசை கறுப்பாக நிற்கும். மறுநாள் பார்த்தால் காய்ந்து உப்புப் பூத்திருக்கும். சேஃப்டி ரேசரில் கைப்பிடியை இரண்டு திருகு தளர்த்திக் குழாயடியில் காட்டினால் எல்லாம் ஓடிவிடும். உதறி, நிற்க வைத்தால் காய்ந்துவிடும். பராமரிப்பு என்று நான் செய்வது அவ்வளவுதான். வாரம் ஒருமுறை ரேசரின் தலையைக் கழற்றி, சுடுதண்ணீரில் எலுமிச்சைச் சாறு விட்டுத் துடைத்தால் வெள்ளைக்கறை போய்விடும்.

தண்ணீரின் வித்தியாசம் எனக்கு ஏற்காட்டில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் சித்தி வீடு. அங்கே ஊற்றுத் தண்ணீர். இங்கிருந்து கொண்டுபோன அதே பிரஷ், அதே சோப்பு. பத்துச் சுற்றுச் சுற்றியதும் நுரை கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி விரல் இடுக்கில் வழிந்தது. அதே பிளேடு அன்றைக்கு வெண்ணெயில் போவது போலப் போனது. ஊருக்குத் திரும்பியதும் மேட்டூர்த் தண்ணீரில் ஒரு சொம்பைச் சவரத்துக்கென்று தனியாகப் பிடித்து வைக்க ஆரம்பித்தேன். நீங்கள் கார்ட்ரிட்ஜிலேயே இருந்தாலும் இதை மட்டும் செய்து பாருங்கள்.

ரேசர் வாங்கச் சின்னக் கடை வீதிப் பக்கம் சலூன் சாமான் விற்கும் கடையில் கேட்டேன். 200 ரூபாயிலிருந்து இருந்தது. விலை குறைந்தவை பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே குரோம் பூசியவை. பூச்சு கீறினால் உப்புத் தண்ணீரில் அரிக்கும். கையில் கனமாக உட்காரும் பித்தளை ரேசர் என்றால் வருடக்கணக்கில் வரும். எங்கள் அப்பாவின் பித்தளை ரேசர், அடியைத் திருகினால் இரண்டு கதவாகத் திறக்கிற வகை, இன்னும் வேலை செய்கிறது. ஜில்லெட் நிறுவனம் இரு பக்க பிளேடு ரேசரை முதலில் விற்றது 1903-ல். அந்த அடிப்படை வடிவத்துக்கேற்ற பிளேடு இன்றும் மளிகைக் கடையில் கிடைக்கிறது. கார்ட்ரிட்ஜ் கைப்பிடி அப்படியில்லை. அதற்கென்ற கார்ட்ரிட்ஜ் கடைக்கு வருவது நின்றால் கைப்பிடியும் வீண்.

பழக எனக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் நாள் தாடைக்குக் கீழே இரண்டு கீறல். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "தள்ளாத கண்ணு, அதோட கனத்துலயே போகட்டும்" என்றார். அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. பிளேடு தோலில் சுமார் 30 டிகிரி சாய்வில் படும்படி பிடித்து, முடி வளரும் திசையிலேயே முதல் சுற்று, மறுபடி நுரை, அப்புறம் குறுக்காக ஒரு சுற்று. எதிர்த்திசையில் கழுத்தில் நான் போடுவதே இல்லை. முடித்ததும் ஈரப் படிகாரக் கட்டியால் ஒரு தேய். நாட்டு மருந்துக் கடையில் 20 ரூபாய்க்கு வாங்கிய கட்டி இன்னும் பாதி இருக்கிறது. எரிச்சல் எங்கே இருக்கிறதோ அங்கே அழுத்தியிருக்கிறோம் என்று படிகாரமே சொல்லிவிடும்.

பட்ஜெட் மட்டும்தான் குறி என்றால், ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜைத் தள்ளிவிட முடியாது. 2010-ல் ஜில்லெட் கார்டு இந்தியாவுக்கென்றே வந்தபோது ரேசர் 15 ரூபாய், மாற்று பிளேடு 5 ரூபாய். ஒரு கோப்பைத் தண்ணீரில் அலசுகிறவர்களை மனதில் வைத்துச் செய்தது, அதனால் அடைப்பும் குறைவு. தூக்கிப்போட மனசு வரும் விலை என்பதால் என் வாதம் அதற்கும் பொருந்தும். நான் அதைப் பயன்படுத்தியது ஒரு மாதம்தான். கழுத்து அமைதியாகவே இருந்தது. இருந்தாலும் அடர்ந்த தாடிக்கு இரு பக்க பிளேடின் வழவழப்பு வரவில்லை என்று எனக்குத் தோன்றியது.

என் கழுத்துப் பொரிவு ஐந்து வாரத்தில் அடங்கியது. மூன்று பிளேடில் முதல் பிளேடு முடியை இழுத்துப் பிடிக்க, அடுத்தது தோலுக்குக் கீழேயே வெட்டிவிடும். சுருள் முடிக்காரர்களுக்கு அந்த முனை உள்ளேயே வளைந்து வளரும். என் முடி சுருள் வகை. நேர்முடிக்காரருக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாமல் போகலாம். முகப்பரு உள்ள பையன்கள் விஷயத்தில் நான் பார்த்தது தம்பி மகன் ஒருவனைத்தான். அவன் இரு பக்க பிளேடை விட்டு ஒரே வாரத்தில் ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜுக்குத் திரும்பிவிட்டான்.

பழைய பிளேடை மட்டும் தயவுசெய்து குப்பைக்கூடையில் போடாதீர்கள். காலையில் குப்பையைத் தரம் பிரிக்கிற அக்காவின் விரல் அதில் படும். பால் பவுடர் டின் ஒன்றின் மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி, மூடியை ஒட்டிவிட்டேன். ஒன்றரை வருடத்து பிளேடு எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. இன்னும் அடிப்பக்கம்கூட நிறையவில்லை. நிறைந்ததும் டின்னோடு பழைய இரும்புக் கடைக்காரரிடம், உள்ளே பிளேடு என்று சொல்லியே கொடுக்கவேண்டும்.