தூண்டில்காரர் கண்ணில் கூகுள் எர்த் ப்ரோ: சென்னை ஏரிகளில் இடம் பார்க்க எவ்வளவு உதவும்?

செயற்கைக்கோள் படங்களைக் காட்டும், கணினியில் நிறுவிக்கொள்ளும் மென்பொருளான கூகுள் எர்த் ப்ரோ 2015இலிருந்து இலவசம். தூண்டில் போடுகிறவர்களை மனதில் வைத்துச் செய்ததல்ல. ஆனாலும் ஊருக்குப் புதிதாக வந்தவர், எந்த ஏரியில் எந்தக் கரையில் உட்காரலாம் என்று வீட்டிலிருந்தே கணிக்க இதற்கு ஈடாக வேறொன்று இல்லை. காரணம் ஒரே வசதிதான்: பழைய படங்கள்.

நீர் நிறைந்த ஏரியை மேலிருந்து பார்த்தால் பச்சைத் தகடு மாதிரிதான் தெரியும். பள்ளம் மேடு எதுவும் புரியாது. மேல்பட்டையில் கடிகாரப் படம் போட்ட பொத்தானை அழுத்தினால் தேதிவாரியாகப் பின்னோக்கி நகர்த்தலாம். 2019 கோடைக்குப் போங்கள். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் கிட்டத்தட்ட வறண்டுபோன வருடம் அது. அன்று ஊருக்கு வந்த கஷ்டம், இன்று தூண்டில்காரருக்குத் தரைப்படம். எந்தெந்தத் தேதிக்குப் படம் கிடைக்கும் என்பது ஏரிக்கு ஏரி மாறும்; 2019 இல்லையென்றால் வேறொரு கோடையின் மே, ஜூன் படம் போதும்.

வறண்ட படத்தில் மூன்றைத் தேடுங்கள். கடைசியாகத் தேங்கி நிற்கும் குட்டை, அதுதான் ஏரியின் அடிமட்டம். மண் எடுத்த குழிகள், இவை நேர்கோட்டு விளிம்போடு கட்டம் கட்டமாகத் தெரியும். மேற்கே வரத்துக்கால்வாயிலிருந்து மதகை நோக்கி வளைந்து வரும் பழைய ஓடை. நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் மேற்கே மேடு, கிழக்கே தாழ்வு என்று அமைந்தவை. அதனால் கரையும் ஆழமும் கிழக்கே இருக்கும், மேற்கு உள்வாய் (நீர் வந்து சேரும் பக்கம்) முழங்கால் தண்ணீர்தான். ஓடை கரையை ஒட்டி வரும் இடம் ஏதாவது இருந்தால் முதல் குறி அங்கேதான்.

அடுத்து அளவுகோல் கருவி. கரையில் கால் வைக்கக்கூடிய இடத்திலிருந்து குழியின் விளிம்புவரை அளந்து பாருங்கள். ஏழடி ஸ்பின்னிங் ராடில் பத்து கிராம் ஈயம் கட்டினால் 30 மீட்டர் சுலபம். ராடு இல்லாமல் வெறும் நரம்பைக் கையால் சுழற்றி வீசினால் 15 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தள்ளியிருக்கும் குழி எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அழித்துவிடுங்கள்.

ஆழத்தை அடிக்கணக்கில் வேண்டுகிறவர்களுக்கு ஒரு வழி உண்டு. சென்னைக் குடிநீர் வாரியத்தின் இணையதளம் ஏரிகளின் நீர்மட்டத்தைத் தினமும் போடுகிறது. செம்பரம்பாக்கத்தின் முழு மட்டம் அங்கே 85.40 அடி என்று இருக்கும் (செய்திகளில் வரும் 24 அடி வேறு கணக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம்). படம் எடுத்த நாளில் மட்டம் 75.40 என்றால், அன்றைய நீர்விளிம்பு ஏரி நிறையும்போது பத்தடி ஆழம். நாலைந்து தேதிகளின் விளிம்பைப் பல நிறக் கோடுகளாக வரைந்தால் ஆழப்படம் கைக்கு வந்துவிடும். கோடுகள் நெருங்கும் இடம் செங்குத்துச் சரிவு. கட்லா, ரோகு எதிர்பார்த்து அடியில் ஈயம் போட ஏற்றது. அகன்று கிடக்கும் இடம் ஜிலேபிக்கும் சின்னக் கெண்டைக்கும். தக்கை கட்டி மண்புழு போதும். திரையின் கீழே காட்டும் உயர எண்ணை ஆழமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் ஏரித்தரை இருக்காது.

குறைகளும் உண்டு. பெரியது ஆகாயத்தாமரை. படத்தில் திறந்த நீராக இருந்த மூலை நேரில் பச்சைப் பாய் விரித்திருக்கும். மதியக் கடற்காற்று அதை மேற்கே தள்ளும், மேல்காற்று கிழக்குக் கரையில் கொண்டுவந்து குவிக்கும். இதற்கு மட்டும் கோபர்நிக்கஸ் பிரவுசர் என்ற இணையதளத்தை நாடுங்கள்: ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2இன் படம் ஐந்து நாளுக்கொருமுறை வரும், அதுவும் இலவசம். பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி என்பதால் குழி தெரியாது, பாசிப்பரப்பு தெரியும். ஓரம் ஓட்டையாய்க் கிடக்கும் தாமரைத் திட்டுதான் விராலுக்கு வீடு. ஃப்ராக் லூர் (தவளை வடிவப் போலி இரை) வைத்திருப்பவர்கள் அதைக் குறித்துக்கொள்ளலாம்.

அலை அரிக்காமல் கரைச் சரிவில் பதித்த அலைகற்களும் படத்தில் ஏமாற்றும். சரிவு நீருக்குள்ளும் தொடர்வதால் அடியில் போட்ட ஈயம் இடுக்கில் மாட்டி நரம்பு அறும். அங்கே தக்கைதான் சரி. தூர் வாரிய ஏரியென்றால் வாருவதற்கு முந்தைய படத்தால் பயனில்லை. கைபேசிச் செயலியிலும் இப்போது பழைய படங்கள் வருகின்றன. கோடு வரைந்து ஒப்பிடப் பெரிய திரைதான் வசதி.

வேலி, காவல், மீன்பிடிக் குத்தகை எதையும் இது சொல்லாது. குடிநீர் ஏரிகளிலும் ஊர் ஏரிகளிலும் மீனுக்கு உரிமையாளர் இருப்பார். கரையோரம் வலை காயவைப்பவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பறவைகளுக்காகப் பாதுகாக்கப்படும் பள்ளிக்கரணையும் வேடந்தாங்கலும் பட்டியலிலேயே வேண்டாம். மழைக்காலத்தில் உபரிநீர் திறக்கும் ஷட்டர், கலங்கல் பக்கம் போகாதீர்கள். இத்தனை கணக்கும் வேண்டாம், ஞாயிறு காலை ஒரு மணிநேரம் தூண்டில் பிடித்தால் போதும் என்பவர்களுக்குச் சேத்துப்பட்டு ஏரியில் மீன்வளத்துறைப் பூங்கா இருக்கிறது: கட்டணம் கட்டி உட்காரலாம், ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.