லண்டனில் நம்ம சாப்பாடு: போர்டு போட்ட ஹோட்டலா, ஈழத்தமிழர் கடையா, சொந்த அடுப்பா?

எதிர்வீட்டுப் பையன் மேல்படிப்புக்கு லண்டன் போகிறான். கோத்தகிரியை விட்டு மூன்று நாள் இறங்கினாலே ரசம் கேட்கிற பிள்ளை. "அக்கா, அங்க சோத்துக்கு என்ன பண்ணுவான்? இந்தியன் ஹோட்டல் நிறைய இருக்காமே?" என்றாள் அவன் அம்மா. இருக்கிறதுதான். அங்கே இருந்த ஆறு வருஷத்தில் நானும் மூன்று வழியையும் பார்த்துவிட்டேன்.

முதலில் அந்த ஹோட்டல்கள். போர்டில் இந்தியா; நடத்துகிறவர்களில் நிறையப் பேர் வங்கதேசத்து சில்ஹெட்டிலிருந்து போன குடும்பங்கள். வெங்காயத்தை வேகவைத்து அரைத்த ஒரே குழம்பு அண்டாவில் தயாராக இருக்கும். கோர்மாவோ மெட்ராஸோ விண்டாலூவோ, எல்லாம் அதிலிருந்து பிரிவதுதான். 'மெட்ராஸ்' அங்கே ஊர் இல்லை, காரத்தின் அளவு. 2001-இல் வெளியுறவு அமைச்சராக இருந்த ராபின் குக், சிக்கன் டிக்கா மசாலாவை பிரிட்டனின் தேசிய உணவு என்றே சொன்னார். சரியாகத்தான் சொன்னார்; அது அவர்கள் சாப்பாடு. ருசிக்குக் குறைவில்லை, ரசத்துக்கு ஏங்குகிறவனுக்கு மருந்தாகாது, அவ்வளவுதான்.

ஈழத்தமிழர் கடைகள் இருக்கிற ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் போனால் கதை வேறு. கடையில் தமிழிலேயே கேட்டு முருங்கைக்காய், கறிவேப்பிலை வாங்கலாம். புட்டு, இடியாப்பம், சொதி, மட்டன் ரோல்ஸ், தட்டையான இரும்புக் கல்லில் கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம். அவர்கள் கறித்தூள் நம்முடையதைவிடக் கருக வறுத்தது. நம் கைக்கணக்கில் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். நம்ம ஊர் சாம்பாரை மட்டும் அந்தக் கடைகளில் தேடக் கூடாது. எனக்கு இதில் ஒரு சார்பு உண்டு. என் பாட்டி, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் போட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நீலகிரிக்கு வந்தவர். அவர் சுடும் தேங்காய் ரொட்டியும் சம்பலும் ஈஸ்ட் ஹாம் கடை ஒன்றில் அதே வாசனையோடு தட்டில் வந்தபோது, பக்கத்தில் இருந்தவர் "காரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

மூன்றாவது, சொந்த அடுப்பு. பெட்டியில் ரசப்பொடி, பருப்புப்பொடி, புளி போகலாம். நம்ம மலையின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியும் போகலாம், பாதி தூளாகத்தான் போய்ச் சேரும். அந்தத் தூளையும் டீயில் கொட்டித் தின்றிருக்கிறேன். நெய் கூடாது. இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களை பிரிட்டனுக்குள் எடுத்துப்போகத் தடை.

மாவு விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதி. கீழே இருந்து வந்தவர்கள் தோசைமாவு பொங்கவில்லை என்று புலம்புவார்கள். உறைபனி மாதத்தில் மாவுச்சட்டிக்குக் கம்பளி சுற்றி அடுப்போரம் வைத்த நமக்கு அது புதிதா? அங்கே அடுப்போரம் கிடையாது, கேக் சுடுகிற ஓவன் உண்டு. சூடேற்றாமல் உள்ளே இருக்கும் பல்பை மட்டும் போட்டு, சட்டியை ராத்திரி முழுக்க வைத்தால் போதும். முதல் தடவை நான் ஆசைப்பட்டுக் கொஞ்சம் சூடேற்றினேன். காலையில் சட்டியின் ஓரமெல்லாம் பாதி வெந்த இட்லி.

ஆக வாரநாளில் அடுப்பு, ஞாயிற்றுக்கிழமை ஈஸ்ட் ஹாம், போர்டு போட்ட ஹோட்டலுக்கு யாராவது காசு கொடுத்தால் மட்டும் என்று சொல்லி முடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நெய்ய மொளகாப்பொடி டப்பாவுக்குள்ள வெச்சு அனுப்பினா கண்டுபிடிச்சிருவாங்களாக்கா?"